தண்ணீர் கேட்காத தவளை

கொடைக்கானலுக்குப் பக்கத்து வில்பட்டியில் அந்த நாளில் நாச்சிமுத்து என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பூண்டு போடுகிறவர். இன்னொருவர் கோவில் பூசாரியின் மருமகன். மூன்றாமவனைத் தேடி வருகிறவர்கள் ‘தவளைப் புளுகன்’ என்று சொன்னால் போதும், எதிரே வருகிற ஆள் சிரித்துக்கொண்டே வீட்டைக் கைகாட்டிவிடுவார்.

அந்த வீட்டில் அவனும் அவனுடைய அக்கா விசாலாட்சியும் மட்டும்தான். அவன் பிறந்தது 1930 தை மாதம். அவள் எட்டு வயது மூத்தவள். அவனுக்கு ஆறு வயதில் தாயும் ஏழு வயதில் தகப்பனும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். பேத்துப்பாறையில் கட்டிக்கொடுத்த இடத்தில் விசாலாட்சிக்கு மூன்று வருஷத்துக்குமேல் வாழ்வு இல்லை. புருஷன் போனதும் துணிமூட்டையோடு பிறந்த வீட்டுக்கே திரும்பினாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையென்றாலும் தம்பியென்றாலும் நாச்சிமுத்து ஒருவன்தான். அவன் நிறை குறை எதையும் பிறர் பேச விடமாட்டாள். குறையே கிடையாது என்பாள். அவன் ஒரு மூட்டை தூக்கினால் ஊருக்குள் வந்து இரண்டு மூட்டை என்று சொல்லுவாள். ஒரு தடவை சோலை ஓரத்தில் அவன் ஒரு செந்நாயைக் கல்லால் அடித்து விரட்டினான். அது விசாலாட்சி வாயில் நான்கு வீடு தாண்டுவதற்குள் புலியாகிவிட்டது.

நாச்சிமுத்து இரண்டாம் வகுப்போடு நின்றவன். விசாலாட்சி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்தவள். முத்து முத்தாக எழுதுவாள். எந்தக் காரியத்தையும் அரைகுறையாக விடமாட்டாள். பாத்திரம் விளக்கினால் அடிப்பக்கத்தையும் விளக்குவாள். துணி மடித்தால் ஓரத்தோடு ஓரம் நூல் பிடித்ததுபோல் இருக்கும்.

அவர்களுக்குச் சோறு போட்டது பாசி. சீசனுக்குக் கொடைக்கானல் வருகிறவர்கள் திரும்பும்போது பேரிக்காயும் பிளம்ஸும் கூடை கூடையாக வாங்கிப் போவார்கள். பஜாரில் பழக்கடை வைத்திருந்த பிச்சை முகம்மது ராவுத்தர், கூடைக்கு அடியிலும் நடுவிலும் மேலேயும் ஈரப் பாசியை வைத்துக் கட்டிக் கொடுப்பார். மதுரை போய்ச் சேரும்வரை பழம் கன்றாது. பழனியில் பூக்கடைக்காரர்களுக்கும் திருவிழாச் சமயத்தில் மாலை வாடாமல் இருக்க இதே பாசி வேண்டும். நாச்சிமுத்து வெள்ளனே எழுந்து வில்பட்டிக்கு மேலே இருந்த ஊத்துச்சோலைக் காட்டுக்குப் போவான். மரத்தண்டில் போர்வை போலப் படிந்து கிடக்கிற பாசிக்குள் விரல்களை விட்டுப் பாயைச் சுருட்டுவதுபோல் உரித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு வருவான். ஒரு மரத்தில் பாதியை உரித்தால் பாதியை விட்டுவிடுவான்.

வீட்டுக்கு வந்த பாசியைச் சுத்தம் செய்வது விசாலாட்சியின் வேலை. பலகைமேல் விரித்துப் போட்டு, மரப்பட்டை, சருகு, நத்தை, அட்டை என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பாள். வேகவைத்த ஜவ்வரிசி போலக் கொத்தாகச் சில மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் விரலால் வழித்து எறிவாள். பிறகுதான் அலசுவாள். வில்பட்டி விசாலாட்சி கை பட்ட பாசியில் ஒரு தூசி இருக்காது என்று ராவுத்தரே சொல்லுவார். அதைக் கேட்க அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

ஊத்துச்சோலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தாலும், மத்தியானத்தில் மூடுபனியாக மஞ்சு இறங்கினாலும், ‘டிக்... டிக்... டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கொட்டாங்கச்சியைச் சின்னக் கல்லால் தட்டுவதுபோல இருக்கும். ஒன்று ஆரம்பித்தால் சோலை முழுக்கத் தொற்றிக்கொள்ளும். வில்பட்டியில் அதற்குத் தட்டுப்பூச்சி என்று பெயர். பூச்சியை யாரும் பார்த்ததில்லை. சோலைக்குள் போனால் சத்தம் நின்றுவிடும், வெளியே வந்தால் ஆரம்பிக்கும்.

1955 ஆனி மாதம், நாச்சிமுத்து மழைக்கு ஒரு மரப்பொந்தில் ஒதுங்கி நின்றான். அவன் அசையாமல் நின்றதால் ஒன்று அவன் முகத்துக்கு எதிரிலேயே தட்ட ஆரம்பித்தது. பாசிமேல் உட்கார்ந்திருந்தது ஒரு தவளை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பச்சை முதுகு. விரல் நுனி ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்ததுபோல் ஒரு வட்டம். தட்டும்போது அதன் தொண்டை கண்ணாடிக் குமிழி மாதிரி உப்பியது. பக்கத்தில் ஈரப் பாசிக்குள் பாதி புதைந்து, அக்கா வழித்தெறிகிற அதே ஜவ்வரிசி.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும் போனான். பாசி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பொந்தைப் பார்த்தான். மணிக்குள் முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு கண். பிறகு கால். இருபத்தாறாம் நாள் அவன் கண் முன்னாலேயே ஒரு மணி உடைந்தது. அரிசி அளவு தவளை ஒன்று வெளியே வந்து நின்று, ஒரு தாவு தாவி இலைக்கு அடியில் போய்விட்டது. தண்ணீர் இல்லை. வால் இல்லை. தலைப்பிரட்டையும் இல்லை.

அன்று சாயங்காலம் ராவுத்தர் கடையில் சாக்கை இறக்கிவிட்டு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

“ஏலே நாச்சி, தவளை என்ன ஆட்டுக்குட்டியா, பொறந்த ஒடனே துள்ளிக்கிட்டு ஓட?” என்றார் ராவுத்தர்.

“கண்ணால பாத்தேங்க, ராவுத்தரே.”

“கண்ணு சரியாத்தான் இருக்கு. மழைக்கு ஒதுங்குனப்ப என்ன குடிச்சே, அதைச் சொல்லு.”

கடையே சிரித்தது. அவன் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான். அவள் சிரிக்காமல் இருந்தாளே தவிர, அவளும் நம்பவில்லை. அவளுடைய ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. குளத்தில் முட்டை, முட்டையிலிருந்து தலைப்பிரட்டை, தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்துத் தவளை. அவள் அதைப் பார்த்து வரைந்து வாத்தியாரிடம் நல்ல பேர் வாங்கியிருந்தாள்.

“தட்டுப்பூச்சியைப் பாத்துட்டுத் தவளைங்குற. அது பூச்சி முட்டைடா. நான் எத்தனை தடவை வழிச்சுப் போட்டிருக்கேன்” என்றாள்.

நாச்சிமுத்து பலகையையும் அவள் விரலையும் பார்த்தான். அதற்குப் பிறகு முட்டை இருக்கிற பாசியை அவன் உரிப்பதில்லை.

பேச்சு சிரிப்போடு நின்றிருந்தால் பாதகமில்லை. அடுத்த வருஷம் வாய்க்கால் தகராறு ஒன்று வந்தது. மேல் வயல்காரர் மடையைத் திருப்பிவிட்டதை நாச்சிமுத்து பார்த்திருந்தான். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். மேல் வயல்காரர் சேனாதிபதி அவசரமே இல்லாமல் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “தவளைக்கு வாலில்லாம குஞ்சு பொறக்குதுன்னு சொன்னவன்தானப்பா இவன்? இவனா சாட்சி?”

கூட்டம் சிரித்தது. அவன் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கீழ் வயல் அந்த வருஷம் காய்ந்தது. அன்றைக்குத்தான் தவளைப் புளுகன் என்ற பெயர் நிலைத்தது. நாச்சிமுத்து அதற்குமேல் கூட்டம் நடக்கும் பக்கமே போகவில்லை. கடையில் நின்று பேசுவதையும் விட்டுவிட்டான். ராவுத்தர் “இன்னிக்கு மழை எப்படிடா?” என்று கேட்டால்கூட, “நீங்களே பாத்துக்கங்க” என்பான்.

இப்படி இரண்டு வருஷம் போனது. 1958 சித்திரையில், மதுரையில் ஒரு பெண்கள் காலேஜில் உயிரியல் நடத்துகிற லீலா டீச்சர் என்பவர் லீவுக்குக் கொடைக்கானல் வந்திருந்தார். ராவுத்தர் கடையில் பழக்கூடையை அவர் முன்னால் கட்டிக்கொண்டிருக்கும்போது பாசிக்குள்ளிருந்து ஒன்று துள்ளி டீச்சர் புடவையில் உட்கார்ந்தது. ராவுத்தர் பதறிப்போய்த் துண்டால் தட்டப் போனார்.

“தட்டாதீங்க!” என்று டீச்சர் கையை நீட்டி மறித்தார். “இது எங்க இருந்து வந்துச்சு?”

“பாசியில வர்ற பூச்சிங்கம்மா.”

“பூச்சி இல்லைங்க, மரத்தவளை. பாசி யாரு எடுக்குறாங்க?”

ராவுத்தருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நீங்க வேற டீச்சர். இதுக்குன்னே எங்ககிட்ட ஒரு ஆள் இருக்கான். அவன் பேச்சைக் கேட்டீங்கன்னா ஒங்க காலேஜையே பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க” என்று சொல்லி ஆளை அனுப்பி நாச்சிமுத்துவை வரவழைத்தார்.

நாச்சிமுத்து வந்து கடை வாசலிலேயே நின்றான். டீச்சர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவர் சொன்னார்: “வேற தேசத்துல சில தவளைங்க இப்படி இருக்குன்னு படிச்சிருக்கேன். இந்த மலையில இருக்கான்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்றதைப் பொய்னு நான் சொல்லலை. ஆனா முட்டைக்குள்ள இருந்து வர்றதை நான் பாக்கணும். பாத்துட்டா எழுதிடுவேன். காட்டினவர் இன்னாருன்னு உங்க பேரையும் போட்டு எழுதுவேன்.”

அன்று அவன் வீட்டுக்கு வந்த வேகத்தை விசாலாட்சி அதற்குமுன் பார்த்ததில்லை. சோலையில் புதிதாக இட்ட முட்டைக் கொத்து ஒன்றை அவன் இரண்டு நாளைக்கு முன்தான் பார்த்து வைத்திருந்தான். விரல் விட்டு எண்ணினான். இருபத்தாறு நாள் என்றால் வைகாசி விசாகத்தை ஒட்டி வரும். டீச்சர் விசாகத்துக்கு மறுநாள் மதுரைக்குப் புறப்படுகிறார்.

“விசாகத்தன்னிக்கு வந்து பாக்குறேன்னுட்டாங்க, அக்கா. அவங்க பாத்துட்டாப் போதும். சேனாதிபதி மொகத்தை நான் நேரா பாப்பேன்.”

டீச்சர் ஒரு நாள் வில்பட்டிக்கே வந்தார். நாச்சிமுத்துவோடு சோலைக்குப் போய் முட்டையைப் பார்த்தார். திரும்பி வந்து வீட்டில் பாசிச் சாக்கின்மேல் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதினார். ஒரு காலேஜ் டீச்சர் தம்பி சொன்னதைக் கேட்டு எழுதுகிறார்! விசாலாட்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. காப்பியைக் கொடுத்துவிட்டுத் தம்பியின் புகழைப் பாட ஆரம்பித்தாள். இரண்டு மூட்டையைச் சொன்னாள். புலியைச் சொன்னாள்.

“வெறுங்கையாலயா?” என்றார் டீச்சர்.

“வெறுங்கைதாங்க. புலி திரும்பியே பாக்கலை.”

“அக்கா, சும்மா இருக்கியா” என்று நாச்சிமுத்து பல்லைக் கடித்தான். டீச்சர் சிரித்துக்கொண்டு நோட்டை மூடினார்.

பிறகு டீச்சர் கடைக்குப் போய் இதையெல்லாம் சொன்னபோது ராவுத்தர் சொன்னார்: “என்ன குடும்பமப்பா இது! தம்பிக்குப் பாசி மேல பாசம், அக்காளுக்குத் தம்பி மேல பாசம். நடுவுல தவளை வந்து மாட்டிக்கிச்சு.”

டீச்சர் வந்துபோன நாளிலிருந்து விசாலாட்சி தம்பியை நம்ப ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் பூச்சி என்று சொன்னவள், அது தவளைதான் என்று மனதாரச் சொல்லத் தொடங்கினாள். பூசாரி வீட்டில் போய்ச் சொன்னாள், தண்ணீர் எடுக்கும் இடத்தில் சொன்னாள். தட்டுப்பூச்சி என்று யாராவது சொன்னால் திருத்தினாள்.

விசாகத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது ஊத்துச்சோலையின் கீழ் ஓரத்தில் கோடரிச் சத்தம் கேட்டது. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரம் நடுவதற்குச் சோலையை வெட்டக் கான்ட்ராக்ட் எடுத்த ஆட்கள் வந்துவிட்டார்கள். முட்டை இருந்த மரம் அந்த ஓரத்தில்தான் நின்றது. நாச்சிமுத்து முட்டையைத் தொடாமல், பாசியைப் பட்டையோடு பெயர்த்து ஒரு கலயத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். பாசி வைக்கும் கொட்டகையின் குளிர்ந்த மூலையில் கலயத்தை வைத்து மேலே ஈரச் சாக்கைப் போட்டான். காலையிலும் மாலையிலும் உள்ளங்கையில் தண்ணீரை எடுத்து விரலால் தெளிப்பான். எத்தனை சொட்டு என்று எண்ணித் தெளிப்பதுபோல் இருக்கும்.

விசாகத்துக்கு இரண்டு நாள் முன்பு அவன் பழனிக்குப் பாசி கொண்டுபோக வேண்டியிருந்தது. திருவிழாவுக்குப் பூக்கடைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். வில்பட்டியிலிருந்து பழனிக்கு இறங்குகிற நடைபாதையில் சாக்கோடு ஒரு பகல் ஆகும். மறுநாள் பாசியைக் கொடுத்துவிட்டு, விசாகத்தன்று விடியும்போது ஏறத் தொடங்கினால் பிற்பகலில் வந்துவிடலாம். டீச்சர் நான்கு மணிக்கு வருகிறார்.

புறப்படும்போது அவன் சொன்னது இவ்வளவுதான்: “அக்கா, கலயத்தைப் பாத்துக்க. காய மட்டும் விட்டுராத.”

“நீ வெரசாப் போய்ட்டு வா. நான் பாத்துக்கிறேன்.”

காயவிடாதே என்று அவன் சொன்னது அவளுக்கு நன்றாகவே காதில் விழுந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

அன்றைக்கென்று மஞ்சு இறங்கவே இல்லை. நல்ல வெயில். மத்தியானம் அவள் சாக்கைத் தூக்கிப் பார்த்தபோது பாசியின் ஓரம் வெளுத்திருந்தது. தண்ணீர் தெளித்தாள். ஒரு மணி நேரத்தில் மறுபடி வெளுத்ததுபோல் தெரிந்தது. யோசித்தாள். பூச்சி முட்டை என்றால் பாசியில் கிடக்கலாம். இது தவளை என்று இப்போது அவளுக்கே தெரியும். தவளை முட்டைக்குத் தண்ணீர்தானே வேண்டும்? தம்பி ஆம்பிளைப் பிள்ளை, அவசரத்தில் கலயத்தில் வைத்துவிட்டான். டீச்சர் வந்து பாசிக்குள் தலையை விட்டுத் தேட வேண்டுமா? சுத்தமாக, கண்ணுக்கு நேரே தெரிகிற மாதிரி வைத்தால் என்ன?

ராவுத்தர் கடையிலிருந்து வந்த ஜாம் பாட்டில் ஒன்று இருந்தது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மூன்று தரம் அலசினாள். ஊற்றுக்குப் போய் நல்ல தண்ணீர் பிடித்து வந்தாள். கோழியிறகால் ஒவ்வொரு மணியாக, ஒன்றும் நசுங்காமல், பாசியிலிருந்து எடுத்துத் தண்ணீருக்குள் விட்டாள். அதற்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. மொத்தம் பதினேழு மணிகள். எல்லாம் அடியில் போய் வரிசையாக உட்கார்ந்தன. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தம்பி வந்து பார்த்தால் என்ன சொல்வான் என்று நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

மறுநாளும் பார்த்தாள். மணிகள் முந்தின நாளைவிட உப்பியிருந்தன. வளர்கின்றன என்று நினைத்தாள்.

விசாகத்தன்று காலையில் தண்ணீர் கலங்கியிருந்தது. லேசாக வாடை. மணிகள் ஊதி வெளுத்து, சில உடைந்து கிடந்தன. விசாலாட்சி பாட்டிலைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் அவள் பார்த்தாள், தம்பி சொன்னதையெல்லாம். அரிசி அளவு தவளைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கால். விரல் நுனியில் வட்டம்கூடத் தெரிந்தது. ஒன்றுக்கும் வால் இல்லை. ஒன்றும் அசையவில்லை.

விசாகத்துக்கு விரதம் இருந்தாள். வீட்டைக் கழுவி விளக்கேற்ற வேண்டும். டீச்சர் வருவார். செத்த உயிரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு முருகனுக்கு விளக்கேற்றுவதா? வருகிறவர் முன்னால் நாறுகிற பாட்டிலை வைப்பதா? அவள் கைகள் வழக்கப்படி வேலை செய்தன. பாட்டிலைக் கொல்லைக்குக் கொண்டுபோய் முட்டைக்கோஸ் பாத்தி ஓரத்தில் கவிழ்த்தாள். பாட்டிலைச் சாம்பல் போட்டு விளக்கி வெயிலில் கவிழ்த்து வைத்தாள். வீட்டைக் கழுவினாள். குளித்தாள். விளக்கேற்றிய பிறகுதான் அழுகை வந்தது.

நாச்சிமுத்து மூன்று மணிக்கே வந்துவிட்டான். வியர்வையைக்கூடத் துடைக்காமல் கொட்டகைக்குப் போனான். வெறும் கலயத்தோடு வெளியே வந்தான்.

“அக்கா, எங்க?”

அவள் சொன்னாள். அவன் கடைசி வரை கேட்டுவிட்டு, “எந்த எடத்துல கொட்டுன?” என்று மட்டும் கேட்டான். கொல்லையில் அவள் காட்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் ஏழெட்டு நின்று கிளறிக்கொண்டிருந்தன. அவன் மண்டியிட்டு ஈர மண்ணை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தான். டீச்சர் வந்தபோதும் அப்படித்தான் இருந்தான்.

“செத்திருந்தாலும் பரவாயில்லையே” என்றார் டீச்சர். அவர் குரலில் கோபம் இல்லை. “அதை அப்படியே வச்சிருந்தா எனக்குப் போதுமே. தண்ணியோட மதுரைக்கு எடுத்துட்டுப் போயிருப்பேன்.”

விசாலாட்சி முன்னால் வந்தாள். “டீச்சர், நான் பாத்தேங்க. சத்தியமாப் பாத்தேன். நாலு கால் இருந்துச்சுங்க, வால் இல்லைங்க. எந்தம்பி சொன்ன மாதிரியேதாங்க இருந்துச்சு.”

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். “உங்களுக்குத் தம்பி மேல எவ்வளவு பிரியம்னு எனக்குத் தெரியும்மா” என்றார்.

விசாலாட்சிக்குப் புரிந்தது. புலியைப் பற்றிச் சொன்ன வாய் அது. அதே வாய்தான் இதையும் சொல்கிறது. எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் டீச்சர் மதுரைக்குப் போய்விட்டார். நாச்சிமுத்து அக்காவை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, “போகட்டும்க்கா. நீ நல்ல தண்ணிதானே ஊத்துன” என்றான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அடுத்த தை மாதத்துக்குள் ஊத்துச்சோலை இல்லாமல் போயிற்று. பாசி எடுக்க இன்னும் தூரம் போக வேண்டியிருந்தது. போகிற இடத்தில் எல்லாம் கோடரி அவனுக்கு முன்னால் போயிருந்தது. 1960-ல் நாச்சிமுத்து சாக்கை மடித்து வைத்துவிட்டு வாட்டில் நடும் கூலி வேலைக்குப் போனான். ஊத்துச்சோலை இருந்த சரிவிலேயே அவன் கையால் குழி வெட்டி வாட்டில் கன்று வைத்தான். மஞ்சு இறங்கும்போது அங்கே இப்போது காற்றுச் சத்தம் மட்டும்தான்.

முப்பத்திரண்டு வயதில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் வள்ளி, பேத்துப்பாறைக்காரி. பெண் பார்க்கப் போன இடத்தில் யாரோ “தவளைப் புளுகன்” என்று சொல்லிவிட, பெண்ணின் தகப்பனார் அரை மணி நேரம் யோசித்தார். விசாலாட்சி அன்று தம்பியின் புகழைப் பாடவில்லை. ஒரு மூட்டையை ஒரு மூட்டை என்றே சொன்னாள்.

1964-ல் லீலா டீச்சர் மறுபடி வந்தார். நாச்சிமுத்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவரை மூன்று சோலைகளுக்குக் கூட்டிப்போனான். ஒன்றில் தட்டுகிற சத்தம் கேட்டது. தவளை ஒன்றும் கண்ணில் பட்டது. முட்டை கிடைக்கவில்லை. சோலைக்கு வெளியே வந்ததும் டீச்சர், “நேரம் நமக்குச் சரியா அமையலை” என்றார். அவன் தலையாட்டினான்.

இரண்டு வருஷம் கழித்து டீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மலைத்தவளைகளைப் பற்றித் தான் எழுதியது அச்சாகிவிட்டது என்றும், அதில் வில்பட்டியைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருப்பதாகவும் எழுதியிருந்தார். அந்த ஆங்கில வரியைத் தமிழிலும் எழுதியிருந்தார். சாயங்காலம் நாச்சிமுத்து வேலையிலிருந்து வந்து கை கால் கழுவியதும் விசாலாட்சி கடிதத்தைப் படித்துக் காட்டினாள்.

“‘இந்த வகைத் தவளை தலைப்பிரட்டை ஆகாமலே பிறக்கிறது என்று இம்மலை மக்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. நேரில் உறுதி செய்ய இயலவில்லை.’”

“எம் பேரு?”

“இல்லை.”

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: “நம்பிக்கைன்னா போட்டிருக்கு?”

“ஆமா.”

“யாரோட நம்பிக்கைன்னு?”

“மலை ஜனங்களோடதுன்னு.”

நாச்சிமுத்து சிரித்துவிட்டான். பல வருஷத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தான். “ஊருல ஒருத்தனும் நம்பலையேக்கா” என்றான்.

விசாலாட்சியால் சிரிக்க முடியவில்லை. அன்றே காகிதத்தை எடுத்துக்கொண்டு டீச்சருக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். தம்பி பார்த்துவிட்டு, “வேணாம்க்கா. எழுதினாலும் அக்கா தம்பிக்காக எழுதுறான்னுதான் படிப்பாங்க” என்று சொல்லிவிட்டு வள்ளி போட்ட சோற்றுக்குப் போனான்.

அவள் எழுதினாள். விசாகத்தன்று காலையில் கண்டதைக் கண்டபடி எழுதினாள். பாட்டில் எப்படிப்பட்டது, தண்ணீர் எவ்வளவு, மணிகள் பதினேழு, உடைந்தவை ஐந்து, கால்கள் நான்கு, வால் கிடையாது. எடுத்துத் தண்ணீரில் போட்டது யார், கொட்டியது யார் என்பதையும் எழுதினாள். புலி இல்லை, செந்நாய்தான் என்றும் ஒரு வரி சேர்த்தாள். முழுவதையும் ஒரு முறை படித்துப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, ‘என் தம்பி’ என்று வந்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்து, அதன்மேல் ‘வில்பட்டி நாச்சிமுத்து என்பவர்’ என்று எழுதினாள். ஒன்பது இடத்தில் அடிக்க வேண்டியிருந்தது. அடித்தல் திருத்தல் இருக்கிற காகிதத்தை அவள் ஒருநாளும் வெளியே அனுப்பியதில்லை. அதனால் இன்னொரு தாளை எடுத்து, அவன் தனக்கு யாருமில்லை என்பதுபோல, முதல் வரியிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தாள்.